கிடங்கும் தீவுச் சரக்கும்: செஞ்சிக் களஞ்சியம் முதல் நம் மாதச் சாமான் வரை



மாதத்தின் முதல் ஞாயிறு வந்தால் நம் குடியிருப்பிலிருந்து நாலைந்து கார்களாவது ஊருக்கு வெளியே இருக்கும் மொத்த விற்பனைக் கடைக்குக் கிளம்பிவிடும். கூரை வரை அடுக்கிய தட்டுகள், 25 கிலோ அரிசி மூட்டைகள், டின் டின்னாக எண்ணெய். ஒரு வரிசையில் சேலத்து ஜவ்வரிசி, அடுத்ததில் கிராம்பு, ஜாதிக்காய், பட்டை. ஊர் ஊரான சரக்கும் தீவுச் சரக்கும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது நம் காலத்து வசதி என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். நம்மில் பலருக்குச் சொந்த ஊரான செஞ்சி, மேல்சித்தாமூர், திண்டிவனம் பக்கத்து வரலாற்றைப் புரட்டினால் இது 400 ஆண்டுப் பழக்கம் என்று தெரிகிறது. கூட்டுக் கொள்முதலுக்காகக் கீழ்த்தளத்து அறையை ஒதுக்கலாமா என்பது அடுத்த பொதுக்குழுவில் விவாதத்துக்கு வருவதால், இந்த இதழில் அந்தக் கதையைச் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

ஒரு சொல்லின் பயணம்

முதலில் 'கொடவுன்' என்ற சொல். ஆங்கிலச் சொல் என்று எண்ணித்தான் புழங்குகிறோம். 'கிட' என்ற வினையிலிருந்து வந்தது கிடங்கு, அதாவது சரக்கு கிடக்கும் இடம். தெலுங்கில் கிட்டங்கி, தெற்கே நம் வணிகர்களும் அப்படியே சொல்வார்கள். இந்தச் சொல் கப்பலேறி மலாய் மொழியில் 'கூடங்' ஆனது, போர்ச்சுகீசியர் வாயில் புகுந்தது, கடைசியில் ஆங்கிலேயரின் 'கொடவுன்' ஆகித் திரும்பி வந்தது என்று சொல்லாராய்ச்சியாளர்கள் காட்டுகிறார்கள். ஒரு சொல் தீவுகளுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது என்றால், அந்த வழியில் சரக்கும் போய் வந்திருக்க வேண்டும்.

கிடங்கு என்றால் பழந்தமிழில் அகழி என்றும் பொருள். செஞ்சிக் கோட்டையில் இரண்டு கிடங்குகளும் உண்டு.

கோட்டைக்குள் களஞ்சியம்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டியது செஞ்சிக் கோட்டை. மராட்டியரின் ராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுதியில் 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பிடித்த 12 கோட்டைகளில் தமிழ்நாட்டைச் சேர்ந்தது இது ஒன்றுதான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கல்யாண மகாலைப் பார்ப்பார்கள், தம் இருந்தால் ராஜகிரி ஏறுவார்கள். அடிவாரத்தில் தடித்த சுவர்களும் வளைவுக் கூரையும் கொண்ட நெற்களஞ்சியத்தை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கிருஷ்ணகிரி மேலும் களஞ்சியங்கள் உண்டு; எண்ணெயும் நெய்யும் சேமித்ததாகச் சொல்லப்படும் தொட்டிகளும் உண்டு.

அந்தக் களஞ்சியங்களின் பெருமை தெரிய வேண்டுமானால் 1690 முதல் 1698 வரை நடந்த முற்றுகையைப் பார்க்க வேண்டும். சிவாஜி 1677இல் பிடித்த கோட்டையில் அவருடைய மகன் ராஜாராம் தங்கியிருந்தார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் வளைத்துக்கொண்டார். முற்றுகை என்றால் உள்ளே இருப்பவர்கள் பட்டினி கிடப்பார்கள் என்பதுதான் நம் கணக்கு. இங்கே 1692ஆம் ஆண்டின் இறுதியில் நடந்தது நேர்மாறு. மராட்டியக் குதிரைப்படைகள் வெளியே தானிய வழிகளை அடைத்துவிட்டதால் முற்றுகையிட்டவர்கள்தான் பசியில் வாடினார்கள். 1693 தொடக்கத்தில் சுல்பிகர்கான் முற்றுகையை விலக்கிக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியிருந்தது. கோட்டை கடைசியில் 1698இல்தான் வீழ்ந்தது. உயரமான மதிலும் பீரங்கியும் செய்த வேலையில் பாதியை நெல்லும் செய்திருக்கிறது.

கரையில் தீவுச் சரக்கு

மராட்டியருக்கு முன்னால், 1649இல் பீஜப்பூர் படைகள் வரும் வரை, செஞ்சி நாயக்கர் ஆட்சியில் இருந்தது. 1597இல் கிருஷ்ணப்ப நாயக்கரைக் காண வந்த பிமென்டா என்ற ஏசுசபைப் பாதிரியார், இந்தியாவில் தாம் கண்ட நகரங்களில் இதுவே பெரியது, லிஸ்பனைத் தவிர போர்ச்சுகல் நாட்டு நகரம் எதுவும் இதற்கு ஈடாகாது என்ற பொருளில் எழுதி வைத்தார். அவ்வளவு பெரிய நகரத்துக்குக் கடல்வாசல் வேண்டுமல்லவா? கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினமும், வெள்ளாற்று முகத்துவாரத்தில் பிற்காலத்தில் பரங்கிப்பேட்டை என்று பெயர் பெற்ற துறைமுகமும் அந்த வாசல்கள்.

1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, அந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்றுத் தேவனாம்பட்டினத்தில் கால் வைத்தது. 1610இல் பழவேற்காட்டுக்கும் போனது. அவர்களுக்கு வேண்டியது நம் ஊர்த் துணி. அந்தத் துணி ஐரோப்பாவைவிட அதிகமாகத் தீவுகளுக்குத்தான் தேவைப்பட்டது.

காரணம் எளிது. அந்தக் காலத்தில் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் இன்றைய இந்தோனேசியாவின் பண்டா என்ற சின்னஞ்சிறு தீவுக்கூட்டத்தில் மட்டும் விளைந்தன. கிராம்பு அதற்கு வடக்கே தெர்னாத்தே, திதோரே முதலிய மலுக்குத் தீவுகளுக்கு உரியது. அங்கே வெள்ளிக்காசை நீட்டினால் மட்டும் வியாபாரம் படியாது. சோழமண்டலக் கரையின் சாயத்துணி வேண்டும். சாயவேரில் சிவப்பும் அவுரியில் நீலமும் ஏற்றிய துணி. இந்தக் கரை மலுக்குத் தீவுகளின் இடக்கை, இங்கிருந்து துணி வராவிட்டால் அங்கே வணிகம் செத்துவிடும் என்று ஹென்ட்ரிக் பிரவுவர் என்ற டச்சு அதிகாரி 1612இல் தம் மேலிடத்துக்கு எழுதினார். கரைக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் தறி ஓடியது. திரும்பி வந்த கப்பல்களில் கிராம்பு, ஜாதிக்காய், தீமோர் சந்தனம் எல்லாம் வந்தன. இலங்கையிலிருந்து பாக்கும் மாலத்தீவிலிருந்து மாசியும் தனி வழியில் வந்துகொண்டிருந்தன. பதிலுக்கு நம் கரையிலிருந்து அரிசியும் துணியும் போயின.

சாவி யார் கையில்?

இதுவரை கேட்க இனிக்கிறது. கசப்பான பகுதி இனிமேல்தான்.

எல்லாச் சரக்கும் தன் கிடங்கு வழியாகவே போக வேண்டும் என்று டச்சுக் கம்பெனி முடிவு செய்தது. பண்டா மக்கள் வேறு வணிகர்களுக்கும் விற்றார்கள். 1621இல் யான் பீட்டர்சோன் கூன் படையோடு இறங்கினார். சுமார் 15,000 பேர் இருந்த தீவுகளில் ஓராயிரம் பேரே மிஞ்சினர் என்பது வரலாற்றாசிரியர்கள் சொல்லும் மதிப்பீடு. மற்றவர்கள் கொல்லப்பட்டனர், பட்டினியில் மாண்டனர், அடிமையாக நாடு கடத்தப்பட்டனர், அல்லது தப்பி ஓடினர். கிராம்பு மரங்களை அம்போன் பகுதிக்குள் அடக்கி, மற்றத் தீவுகளில் வெட்டிச் சாய்த்தார்கள். விலை இறங்காமல் இருக்க, 1760இல் ஆம்ஸ்டர்டாமில் கிடங்குச் சரக்கை மலை மலையாகக் குவித்துக் கொளுத்தியதும் நடந்தது. நம் கரையில் ஜாதிக்காய் வாங்கியவர், அதை விளைவித்தவரின் முகத்தைக் கண்டதில்லை. நடுவில் இருந்த கிடங்கின் பூட்டைத் திறக்கும் விலையைத்தான் கொடுத்தார்.

நம் பக்கமும் தப்பவில்லை. 1690இல் போர்ச்செலவுக்குப் பணம் தேவைப்பட்ட நேரத்தில், தேவனாம்பட்டினக் கோட்டையை மராட்டியர் ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார்கள். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை எல்லாம் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். குண்டு விழுந்த ஊர்களைக் 'குண்டு கிராமங்கள்' என்றே அழைத்தார்கள். செயின்ட் டேவிட் கோட்டை இப்படித்தான் வந்தது. களஞ்சியத்தைக் காத்தவர்கள் கடல்வாசலின் சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

தீவுச் சரக்கு உள்ளூர்ச் சரக்கான கதை

தனியுரிமை என்றைக்கும் நிலைப்பதில்லை. 1770ஐ ஒட்டி, பியர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகள் ரகசியமாக மொரீஷியசுக்கு வந்து சேர்ந்தன. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலக் கம்பெனி குற்றாலத்தில் வாசனைத் தோட்டம் போட்டது. இன்று கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனாலும் நாட்டின் தேவைக்கு அது போதாது. மடகாஸ்கர், கொமொரோஸ், இலங்கை என்று இன்னும் தீவுகளிலிருந்துதான் பெருமளவு கிராம்பு வருகிறது.

பண்டிகைப் பாயசத்து ஜவ்வரிசியும் அப்படித்தான். மூலம் தென்கிழக்காசியத் தீவுகளின் சாகோ பனை. இரண்டாம் உலகப் போரில் கடல்வழி அடைபட்டு இறக்குமதி நின்றதும், 1943 வாக்கில் சேலத்துக்காரர்கள் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். 1981இல் உற்பத்தியாளர்களே சேர்ந்து 'சேகோசர்வ்' கூட்டுறவை அமைத்தார்கள். தங்கள் சரக்கைத் தங்கள் கிடங்கில் வைத்து, ஏலத்தில் விற்கிற ஏற்பாடு. சாவி விளைவிக்கிறவர் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது.

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அறுவடைக் காலத்தில் குவியும் பொன்னி? அதிலும் தீவு ரத்தம் ஓடுகிறது. தைவான் தீவின் தைச்சுங் 65 என்ற நெல்லையும் மலேயாவின் மாயாங் எபோஸ் என்ற நெல்லையும் 1950களில் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் திட்டத்தில் ஒட்டுச்சேர்த்தார்கள். மலேசியாவில் அது மசூரி ஆனது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த வெள்ளைப் பொன்னியை 1986இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 'நம்ம ஊர் அரிசி' என்று நாம் பெருமையாகச் சொல்வதும் கடல் தாண்டி வந்த விருந்தாளிதான்.

நம் கீழ்த்தளத்து அறை

இவ்வளவும் எதற்கு? கூட்டுக் கொள்முதல் வேண்டுமா வேண்டாமா என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒன்றாக வாங்கினால் விலை குறையும். செஞ்சிப் பக்கத்து விவசாயிக்கும் நேரடியாகப் பணம் போகும். ஆனால் அறைக்குள் வண்டு, எலி, ஈரம், கணக்குத் தகராறு எல்லாம் வரும் என்று சொல்பவர்களும் தவறாகச் சொல்லவில்லை. முடிவு பொதுக்குழுவினுடையது. வரலாறு மூன்று விஷயங்களை மட்டும் முன்வைக்கிறது.

ஒன்று, சாவியும் கணக்கும் ஒருவர் கையில் இருக்கக் கூடாது. இருப்பும் விலையும் அறிவிப்புப் பலகையில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கட்டும். இரண்டு, நாம் முற்றுகையில் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் சரக்கு சேர்க்க வேண்டியதில்லை. கெட்டுப்போகும் மலிவுச் சரக்கு மலிவே அல்ல. மூன்று, விளைவிக்கிறவருக்கு என்ன விலை போகிறது என்பதையும் ரசீதில் எழுதுவோம். அந்த ஒரு வரி இல்லாத கிடங்குகள் என்ன செய்தன என்பதைப் பண்டாவில் பார்த்தோம்.

மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் திருமடம் இருக்கும் ஊர். பார்சுவநாதர் கோயில் தேர்த் திருவிழாவுக்கு நம்மில் சிலர் போய்வந்திருப்பீர்கள். சமணம் சொல்லும் நான்கு தானங்களில் முதலில் வைத்து எண்ணுவது ஆகார தானம். பிறகு அபயம், ஔஷதம், சாஸ்திரம். தானம் என்ற பெரிய வார்த்தைகூட வேண்டாம். நம் காவலாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும் சில்லறைக் கடையில் கிலோ கிலோவாக, நம்மைவிட அதிக விலை கொடுத்துத்தான் அதே அரிசியை வாங்குகிறார்கள். கூட்டுக் கொள்முதல் நடந்தால், அவர்களும் நம் விலையிலேயே வாங்கலாம் என்ற வரியைத் தீர்மானத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். உங்கள் கருத்துகளைப் பொதுக்குழுவுக்கு முன் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.