லயன் அறையில் ஒரு நூதனசாலை

கண்டி நகரையடுத்த ஹந்தான மலைச்சரிவில் 1925இல் கட்டப்பெற்ற தேயிலைத் தொழிற்சாலை, 1986இல் கைவிடப்பட்டு, 2001இல் தேயிலை நூதனசாலையாக மறுபிறப்பெடுத்தது. தேயிலைச் சபையும் தோட்டத்துரைமார் சங்கமும் இதற்குத் துணைநின்றன. 1867இல் லூல்கந்துரவில் தேயிலைச் செய்கையைத் தொடக்கிய ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும் பழைய எந்திரங்களும் அங்கே பேணப்படுகின்றன. ஒரு தொழிலின் வரலாற்றுக்கு இவை இன்றியமையாதன. ஆயினும், அத்தொழிலைத் தாங்கி நின்ற மக்களின் வரலாற்றை எந்திரங்களைக் கொண்டு மட்டும் அறிதல் இயலாது.

இக்குறையை நிரப்பும் முயற்சியாகவே, கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் கம்பளைப் பகுதியின் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையையும் ஆவணக் காப்பகத்தையும் நிறுவியது. தொழிலாளர் வாழ்ந்த பழைய லயன் அறைகளே அதன் கட்டடமாயின. புழங்கிய பாத்திரங்கள், தொழிற் கருவிகள், இசைக்கருவிகள், நிழற்படங்கள், ஆவணங்கள் என்பன அங்கு இடம்பெற்றுள்ளன. அரசரின் வாளையும் முடியையும் சேர்க்கும் நூதனசாலைக்கு அரண்மனையே களஞ்சியம். இத்தகைய சிறிய நூதனசாலைக்கோ வீட்டுப் பரணும் தகரப் பெட்டியுமே களஞ்சியம். எனவே, மக்களின் நம்பிக்கையே அதன் முதல் மூலதனமாகும்.

இம்மக்களின் வாழ்வில் ஏட்டுத்துண்டு பெற்ற இடம் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஒரு காலத்தில் தொழிலாளியின் கடன் தொகையைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டே, அவன் தோட்டம் மாறுவதற்கு வழியாகவும் தடையாகவும் இருந்தது. அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. பின்னர் 1948இன் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் மக்களை நாடற்றோராக்கியது. 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் குடியுரிமை கோர வழிவகுத்ததாயினும், 1946ஆம் ஆண்டுக்கு முன் மணமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது வதிந்தமைக்குச் சான்று காட்டுமாறு விதித்தது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த தோட்டங்களில் அச்சான்றைப் பலரால் காட்ட முடியவில்லை. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றும், குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. குடும்பங்கள் பிரிந்தன, அவற்றோடு பெட்டிகளும் கடல் கடந்தன. நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

ஆகவே, ஆவணம் பேணுதல் மலையக மக்களுக்குப் பொழுதுபோக்கன்று. அது இருப்புக்கான போராட்டமாயிருந்தது. ஒவ்வொரு குடும்பமும் தன்னளவில் ஒரு காப்பகமாக இருந்தே தீரவேண்டியிருந்தது. அத்தகைய சீட்டொன்றைப் பொது நூதனசாலைக்கு ஒப்படைக்கும் குடும்பம், அது இனித் தன் உரிமைக்குக் காவலாக வேண்டியதில்லை, தன் வரலாற்றுக்குச் சான்றாகலாம் என்று துணிகின்றது.

எனினும் பொருளைப் பெறுவதோடு பணி முடிவதில்லை. அதனைப் பயன்படுத்தியவர் யார், எவ்வாறு அழைத்தார், எத்தோட்டத்தில் எக்காலத்தில் கைக்கொண்டார் என்பன பதிவு செய்யப்படாவிடின், கூடையும் தப்பும் பெயரிழந்த காட்சிப்பொருள்களாகவே எஞ்சும். அப்பதிவுக்குத் தோட்டத்து முதியோரே ஆசிரியர். எழுத்தறிந்த இளந்தலைமுறையினர் மாணாக்கர். பேராதனைக்கு அணித்தேயுள்ள கம்பளையில், முதியோரின் நினைவு மறையுமுன் அதனை எழுத்திலாக்கும் கடமை பல்கலைக்கழகத்தாரையும் சாரும். இன்னும் பல்லாயிரவர் லயன் அறைகளில் வாழும் நாட்டில் லயன் அறை நூதனசாலையாகியிருப்பது, கடந்த காலத்தை மட்டுமன்றி நிகழ்காலத்தையும் வினவுகின்றது.