ஊரில் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால்: முதலில் எங்கே செல்வது?

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களில் வாழும் மக்களுக்குப் ‘பெரியாஸ்பத்திரி’ என்றால் அது திருச்சியில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையே. கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த இம்மருத்துவமனையில் சிறப்பு மருத்துவர்களும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ளன. ஆனால் மணப்பாறை, முசிறி, துறையூர் பகுதிகளிலிருந்து அங்கு வந்து சேர ஏறக்குறைய 40 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். சில நோய்களில் அந்தப் பயண நேரமே நோயாளியின் உயிரைத் தீர்மானிக்கிறது. எனவே எந்த நிலையில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும், எந்த நிலையில் அதைக் கடந்து செல்ல வேண்டும் என்பதைக் குடும்பத்தில் ஒருவராவது முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம்.

பாம்புக்கடி

லால்குடி வயல்களிலும் தொட்டியம் வாழைத் தோட்டங்களிலும் வேலை செய்வோருக்கு இது அன்றாட ஆபத்து. நம் நாட்டில் பெரும்பாலான உயிரிழப்புகளுக்குக் காரணமான பாம்புகள் நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கின் நஞ்சுக்கும் ஒரே நஞ்சுமுறி மருந்து பயன்படுகிறது. ஆகவே பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டிய தேவையில்லை. அதைத் தேடுவதில் நேரம் வீணாவதுடன், தேடுபவரும் கடிபட நேரிடலாம்.

நஞ்சுமுறி மருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகச் செலுத்தப்படுகிறது. அங்கு முதல் மருந்தைப் பெற்றுக்கொண்டு, பின்னர் 108 ஊர்தியில் திருச்சிக்கு வருவதே பாதுகாப்பான வழி. கடிபட்ட கை அல்லது காலை எலும்பு முறிவுக்குச் செய்வது போல மட்டை வைத்து அசையாமல் வையுங்கள். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி ஆகியவற்றை வீக்கம் ஏறுவதற்கு முன் கழற்றிவிடுங்கள். இறுக்கிக் கயிறு கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகியவை தீங்கு விளைவிக்கும். மந்திரிப்பவர் மீது நம்பிக்கை உள்ளவர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பின் அவரிடம் செல்லலாம்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியே கூற வேண்டும். இரவில் தரையில் உறங்குபவரை இது கடிக்கும். வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை தாழ்தல், பேச்சுக் குழறுதல் என்று தொடங்கி, மூச்சுத் தசைகள் செயலிழக்கும். தரையில் படுத்திருந்தவருக்கு இவ்வறிகுறிகள் தோன்றினால் அதை அஜீரணம் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

நெஞ்சுவலி

நடுநெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்த்துக் கொட்டுதல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியின்றி வெறும் மூச்சுத் திணறலாகவும் வரலாம். 2023ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, துணை சுகாதார நிலையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாடின் ஆகிய மூன்று மருந்துகள், மொத்தம் 14 மாத்திரைகள், முதல் தவணையாக உடனே வழங்கப்படுகின்றன. இரத்தக்குழாயில் உறைகட்டி மேலும் வளராமல் தடுப்பதற்கு இவை உதவும். இவற்றை நீங்களே கடையில் வாங்கி விழுங்கக் கூடாது. இரத்தக் கசிவு உள்ளவருக்கு இவையே ஆபத்தாகும்.

இதற்கு மாறானது பக்கவாதம்

ஒரு பக்கக் கை கால் தளர்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல் ஆகியவை திடீரெனத் தோன்றினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நின்று நேரம் இழக்க வேண்டாம். மூளையில் அடைப்பா, கசிவா என்பதை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த பின்னரே மருந்து கொடுக்க முடியும். உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். 108 பணியாளரிடம் அறிகுறி தொடங்கிய நேரத்தைச் சரியாகக் கூறுங்கள். நோயாளி உறக்கத்திலிருந்து எழும்போதே பாதிப்பு இருந்தால், கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் கூறுங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள்.

இரவு நேரமும் மலைக் கிராமங்களும்

எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இரவில் மருத்துவர் இருப்பதில்லை. வட்டார அளவில் தரம் உயர்த்தப்பட்ட 30 படுக்கை நிலையங்கள் 24 மணி நேரமும் இயங்குகின்றன. உங்கள் ஊருக்கு அருகில் அத்தகைய நிலையம் எது என்பதைக் கிராம சுகாதார செவிலியரிடம் இன்றே கேட்டு, வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

பச்சமலையின் வண்ணாடு, கோம்பை, தென்பரநாடு பகுதி மக்களுக்கு மேலேயே டாப் செங்காட்டுப்பட்டியில் ஆரம்ப சுகாதார நிலையம் உள்ளது. எனினும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று கூறப்பட்ட கர்ப்பிணிகள், வலி வரும்வரை காத்திராமல் குறித்த தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே மலையிலிருந்து இறங்கி மருத்துவமனையில் சேர்வது நல்லது. மழை நாளில் மலைப்பாதையை நம்ப முடியாது.

மாத்திரை இடைவெளி

மேற்கண்ட மாரடைப்பும் பக்கவாதமும் பல வேளைகளில் இரத்த அழுத்த மாத்திரையை ‘சரியாகிவிட்டது’ என்று நிறுத்தியவர்களுக்கே வருகின்றன. அளவு சீராக இருப்பது மாத்திரை வேலை செய்வதால்தான். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நடைபெறும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இம்மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்காக நாள்கணக்கில் தங்குவோர் மாத்திரைகளையும் உடன் கொண்டுவர வேண்டும். விரதம் இருப்பவர்கள், குறிப்பாக இன்சுலின் போடுபவர்கள், மருந்தளவை மாற்றுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். வரிசையில் நிற்கும்போது கை நடுக்கமும் வியர்வையும் வந்தால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். விரதத்தைப் பாராமல் உடனே வெல்லமோ சர்க்கரையோ உட்கொள்ளுங்கள்.

அவசர ஊர்திக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104. பிரசவித்த தாயும் சேயும் அரசு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்ப 102. மூன்றும் கட்டணமற்றவை. 108-ஐ அழைக்கும்போது ஊர்ப் பெயருடன் அருகிலுள்ள கோயில், பள்ளி அல்லது நீர்த்தொட்டியைக் கூறி, சாலை முனையில் ஒருவரை நிறுத்தி வையுங்கள்.