72 பேர் பலியான போக்ரா விமான விபத்து: என்ஜின் ஓடியும் பவர் வராதது ஏன்? கை மாறிய லீவரால் வந்த வினை

2023-ம் ஆண்டு ஜனவரி 15-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை. நம்ம ஊரில் வீட்டுக்கு வீடு பொங்கல் பானை பொங்கிக்கொண்டு இருந்த நேரம். நேபாள நாட்டிலும் அன்று சங்கராந்தி பண்டிகை.

தலைநகர் காட்மாண்டுவில் இருந்து சுற்றுலா நகரமான போக்ராவுக்கு எட்டி ஏர்லைன்ஸ் விமானம் காலை 10.30 மணி அளவில் கிளம்பியது. பயணிகள் 68 பேர், விமானிகள் உள்பட ஊழியர்கள் 4 பேர். அரை மணி நேரம்கூட ஆகாத பயணம்தான். ஆனால் போக்ராவில் தரை இறங்கும் கடைசி நிமிடத்தில் விமானம் இடது பக்கமாக சாய்ந்து, சேதி ஆற்றுப் பள்ளத்தாக்கில் விழுந்து தீப்பிடித்தது. 72 பேரில் ஒருத்தர்கூட பிழைக்கவில்லை. பலியான பயணிகளில் 53 பேர் நேபாளிகள், 5 பேர் இந்தியர்கள்.

ஒரு பயணி விமானத்துக்குள் இருந்து செல்போனில் நேரலை செய்துகொண்டு இருந்தார். சிரித்த முகங்கள், ஜன்னலுக்கு வெளியே ஊர், அடுத்த நொடி நெருப்பு. அந்த காட்சியை பார்த்து உலகமே உறைந்தது.

என்ஜின் மீது பழி

விழுந்தது ஏ.டி.ஆர்.72 ரக விமானம். இரண்டு பக்கமும் பெரிய விசிறி சுற்றும் சின்ன ரக பயணிகள் விமானம். முன்பு இந்தியாவில் கிங்பிஷர் நிறுவனத்துக்காக பறந்த அதே விமானம்தான். அதனால் என்ஜின் கோளாறாக இருக்கும், பழைய விமானம்தான் காரணம் என்று பேச்சு கிளம்பியது.

விபத்து நடந்த மறுநாளே கருப்பு பெட்டிகள் கிடைத்தன. விமானத்தின் ஓட்டம் பதிவான பெட்டியை சிங்கப்பூரில் வைத்து ஆராய்ந்தார்கள். உண்மை வேறு மாதிரி இருந்தது. இரண்டு என்ஜினும் ஓடிக்கொண்டுதான் இருந்தன!

அப்படியானால் எப்படி விழுந்தது?

தரை இறங்கும்போது வேகம் குறைந்தாலும் விமானம் மிதக்க வேண்டும். அதற்காக இறக்கையின் பின்புறம் உள்ள ‘ப்ளாப்’ என்ற பலகையை கீழே இறக்குவார்கள். அன்று சுமார் 720 அடி உயரத்தில் விமானத்தை ஓட்டியவர், ப்ளாப்பை 30-க்கு வைக்கும்படி சொன்னார். பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் விமானி, சரி என்று பதில் சொன்னார். ஆனால் ப்ளாப் நகரவில்லை. அருகில் இருந்த வேறு இரண்டு லீவர்கள் பின்னால் போய்விட்டன. அவை விசிறியை கட்டுப்படுத்தும் லீவர்கள்.

பஸ் ஜன்னலில் உள்ளங்கையை காற்றுக்கு நேராக காட்டினால் கையை பின்னால் தள்ளும். கையை தட்டையாக திருப்பினால் காற்று வழுக்கிக்கொண்டு போகும். விசிறி இறக்கைகளும் அப்படித்தான். என்ஜின் செத்துப்போனால் அந்த விசிறி காற்றை தடுக்கக்கூடாது என்பதற்காக, அதை தட்டையாக திருப்பும் வசதி உண்டு. இதற்கு ‘பெதர்’ என்று பெயர். நல்லா ஓடுகிற என்ஜினில், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இப்படி செய்தால் என்ன ஆகும்? விசிறி சுழலும் வேகம் கால்வாசிக்கும் கீழே போனது. முன்னால் இழுக்கும் சக்தி பூஜ்யமானது.

என்ஜினில் பவர் வரவில்லை என்று ஓட்டியவர் திரும்பத்திரும்ப சொன்னார். பவர் லீவரை முன்னால் தள்ளியும் பலன் இல்லை. விசிறி லீவர்கள் இருந்த இடத்தை இருவருமே கவனிக்கவில்லை. சுமார் 310 அடி உயரத்தில் எச்சரிக்கை கருவி கைப்பிடியை உலுக்கியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. ப்ளாப் கேட்டதில் இருந்து விழுந்தது வரை சுமார் ஒரு நிமிடம்தான்.

அனுபவசாலிக்கே தவறியது ஏன்?

போக்ரா புதிய விமான நிலையம் திறந்து அப்போது 15 நாள்தான் ஆகி இருந்தது. சுற்றிலும் மலை. ஓட்டியவருக்கு அந்த நிலையத்தை பழக்கும் பயணம் அது. அன்று காலை அதே விமானிகளுக்கு அது 3-வது பயணம். இறங்கும் ஓடுபாதையையும் வழியில் கேட்டு மாற்றிக்கொண்டார்கள். அதனால் தாழ்வாக வந்து, குறுகலாக வளைந்து திரும்ப வேண்டிய நிலை.

நேபாள அரசு அமைத்த விசாரணை குழு 2023 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. லீவர்கள் தெரியாமல் நகர்த்தப்பட்டதே பெரும்பாலும் காரணம் என்றது. போதிய பயிற்சி இல்லாதது, புதிய இடத்தில் வேலைப்பளுவும் பதற்றமும், விதிமுறைகளை முழுசாக பின்பற்றாதது ஆகியவற்றையும் சேர்த்து சொன்னது.

1992-ம் ஆண்டு காட்மாண்டு அருகே பாகிஸ்தான் விமானம் மலையில் மோதி 167 பேர் பலியானார்கள். அதற்குப்பிறகு நேபாளம் கண்ட பெரிய விமான விபத்து இதுதான்.

லாரி ஓட்டினாலும், லேத் பட்டறையில் நின்றாலும் பல வருஷ பழக்கத்தில் கை தானாக போகும். அந்த பழக்கம்தான் பலம். ஆனால் கை எதை தொடுகிறது என்று கண் ஒரு தரம் பார்க்க வேண்டும். போக்ராவில் அந்த ஒரு பார்வை தவறியது. பண்டிகை நாளில் கிளம்பிய 72 பேர் வீடு போய்ச்சேரவில்லை.