பத்து பாக்கெட், ஒரு பீப்

1974, ஜூன் 26. காலை 8 மணி. அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில், ட்ராய் என்கிற சின்ன ஊர். அங்கே மார்ஷ் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு 'பீப்' சத்தம். யுபிசி பார்கோடு போட்ட ஒரு பொருள் முதல்முறையா கடையில் ஸ்கேன் ஆகுது. என்ன பொருள் தெரியுமா? ரிக்லி கம்பெனியின் ஜூஸி ஃப்ரூட் சூயிங் கம். விலை 67 சென்ட்.

அதுவரைக்கும் பில் மெஷினில் கேஷியர் விலையைத்தான் தட்டுவார். சாயங்காலம் கல்லாவில் எவ்வளவு பணம்னு அது சொல்லும். அலமாரியில் எது தீர்ந்ததுன்னு சொல்லாது. அதை ஆள்தான் எண்ணணும்.

இப்போ கவனிங்க. அன்னைக்கு வித்தது ஒத்தை பாக்கெட் இல்ல. பத்து பாக்கெட் சேர்ந்த ஒரு கட்டு. உள்ளே மொத்தம் 50 துண்டு. பார்கோடு முறையில் பாக்கெட்டுக்கு ஒரு எண், கட்டுக்கு வேற எண். ருசி மாறினாலும் சைஸ் மாறினாலும் தனி எண்.

ஆனா, 'இந்தக் கட்டைப் பிரிச்சா அந்தப் பாக்கெட் பத்து வரும்' என்கிற உறவு அந்த 12 இலக்கத்தில் கிடையாது. அதை மென்பொருளில் நாமதான் எழுதணும்.

எழுதலைன்னா? கடைக்காரர் கட்டைப் பிரிச்சு சில்லறையா விப்பார். கம்ப்யூட்டரில் கட்டு அப்படியே இருக்கும், பாக்கெட் கணக்கு மைனஸில் போகும். கட்டு இருக்குன்னு நம்பி ஆர்டர் போடாம விட்டுடுவார். அலமாரி காலி.

பெரிய பெட்டிகளுக்கு அப்புறம் 14 இலக்க எண் வந்தது. பெட்டி வேற, பாக்கெட் வேறன்னு அதன் முதல் இலக்கம் பிரிச்சுக் காட்டும். உள்ளே எத்தனைன்னு அதுவும் சொல்லாது.

'இது எது'ன்னு பீப் சொல்லிடும். 'இதுக்குள்ள எத்தனை'ன்னு சொல்லிவைக்கறது இன்னைக்கும் நம்ம வேலைதான்.