ஜப்பான்காரர் நமக்கு உறவா?

கொஞ்ச காலமாக நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் ஜப்பான் பேச்சு அடிபடுகிறது. டிப்ளமோ முடித்த பையன்களும் நர்சிங் படித்த பெண்களுமாகச் சிலர் ஜப்பானிய மொழி படிக்கிறார்கள். சின்னமனூரில் எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் போன மாதம் கேட்டான்: "தாத்தா, ஜப்பான் பாஷை தமிழ்லருந்து வந்ததாமே? அப்ப எனக்குச் சீக்கிரம் வந்துரும்ல?" வாட்ஸ்அப்பில் வந்த செய்தி ஒன்றையும் காட்டினான். பொங்கலைக்கூட அவர்கள் கொண்டாடுகிறார்களாம், அதுவும் ஜனவரி 15ஆம் தேதியே.

அவனிடம் வாயால் சொன்னது பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன். நான் ஜப்பானிய மொழி அறிஞன் அல்ல. எழுத்துகளைக் கூட்டிப் படிக்குமளவு கற்றுக்கொண்ட ஒரு பென்ஷன்காரன், அவ்வளவே.

முதலில் அவனுக்குச் சாதகமான செய்தி. தமிழனுக்கு ஜப்பானிய மொழி மற்றவர்களைவிட இலகுவாக வரும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். "நான் சோறு சாப்பிடுகிறேன்" என்பதைப் பிரெஞ்சில் சொல்ல, "நான் சாப்பிடுகிறேன் சோறு" என்று தலைகீழாக நினைக்கப் பழக வேண்டியிருந்தது. ஜப்பானியத்தில் "வதாஷி வா கொஹான் ஓ தபேரு". நான், சோறு, சாப்பிடு. வினைச்சொல் கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபு நம்மைப் போலவே பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. கேள்விக்கு நாம் கடைசியில் "ஆ" போடுவதுபோல அவர்கள் "கா" போடுகிறார்கள்.

இன்னும் இருக்கிறது. கொரே, சொரே, அரே, தொரே என்று நான்கு சொற்கள். என் கையில் இருப்பது, உன் பக்கம் இருப்பது, இருவருக்கும் எட்ட இருப்பது, எது என்ற கேள்வி. நம் இலக்கணத்தில் இது, உது, அது, எது. நாம் "உது"வை விட்டுவிட்டோம். யாழ்ப்பாணத்தார் இன்னும் வைத்திருக்கிறார்கள். அண்ணனுக்கு அனி, தம்பிக்கு ஒதோதோ, அக்காளுக்கு அனே, தங்கைக்கு இமோதோ. பிரெஞ்சில் அண்ணனும் தம்பியும் ஒரே "ஃப்ரேர்"தான். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சொல்லா என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்துச் சிரித்ததுண்டு.

இந்த ஒற்றுமைகளை எடுத்துக்கொண்டுதான் சுசுமு ஓனோ என்ற பேராசிரியர் தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்றார். அவர் லேசான ஆள் அல்ல. 1919இல் டோக்கியோவில் பிறந்தவர். பழைய ஜப்பானிய மொழியில் பெரும் புலமை உடையவர். அவர் பங்கேற்ற பழஞ்சொல் அகராதி அங்கே இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அறுபது வயதை நெருங்கும்போது தமிழைப் படிக்கத் தொடங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொற்கோ அவருக்குத் துணை நின்றார். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியர் ஜப்பானிலேயே அவருடன் ஆராய்ந்தார்கள். சுமார் 500 சொற்களை இணை இணையாக அடுக்கினார். நெல், இரும்பு, தறி, இறந்தவரைத் தாழியில் புதைப்பது என எல்லாமே யயோய் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து ஜப்பான் போனவை என்பது அவர் கட்சி. ஆதிச்சநல்லூரையும், வைகைக் கரையோரம் நம் பக்கம் கிடைக்கும் தாழிகளையும் பார்த்தவருக்கு, கியூஷுவில் யோஷினொகரி என்ற இடத்தில் ஆயிரக்கணக்கில் தோண்டி எடுத்த தாழிகளின் படத்தைப் பார்த்தால் நெஞ்சு ஒரு முறை துள்ளத்தான் செய்யும்.

பொங்கல் விஷயமும் ஓனோ எழுதியதுதான். ஜப்பானில் ஜனவரி 15ஐச் சிறு புத்தாண்டு என்பார்கள். அன்று சிவப்புப் பயறு போட்டுக் கஞ்சி காய்ச்சுவார்கள். பழைய அலங்காரங்களை எரிப்பார்கள். சில ஊர்களில் காக்கையைக் கூப்பிட்டுச் சோறு வைப்பார்கள். வட ஜப்பானில் சில இடங்களில் "ஹொங்கா ஹொங்கா" என்று கூவும் வழக்கம் உண்டு என்றும், அது "பொங்கலோ பொங்கல்" என்பதன் எதிரொலி என்றும் ஓனோ சொன்னார். பழைய ஜப்பானியத்தின் "ப" பிற்காலத்தில் "ஹ" ஆனது உண்மைதான். கேட்கும்போது மயிர்க்கூச்செறிகிறது.

ஆனால் நான் குமாஸ்தா. தேதியைச் சரிபார்க்காமல் எந்தக் காகிதத்தையும் மேலே அனுப்பிப் பழக்கமில்லை.

ஜப்பான் ஆங்கிலக் காலண்டருக்கு மாறியது 1873 ஜனவரி 1ஆம் தேதி. அதற்குமுன் அவர்களுடையது சந்திரனை வைத்த பஞ்சாங்கம். சிறு புத்தாண்டு என்பது முதல் மாதத்துப் பௌர்ணமி. அது பெரும்பாலும் பிப்ரவரியில், நம் தைப்பூசத்தையோ மாசி மகத்தையோ ஒட்டி வரும். 1873க்குப் பிறகு "முதல் மாதம் 15" என்ற எண்ணை மட்டும் அப்படியே எடுத்து ஜனவரி 15 என்று வைத்துக்கொண்டார்கள்.

நம் பக்கமும் தேதி நின்ற இடத்தில் நிற்கவில்லை. விவேகானந்தர் மகர சங்கராந்தி நாளில் பிறந்தவர். அந்த நாள் 1863 ஜனவரி 12. இன்று சங்கராந்தி 14 அல்லது 15இல் வருகிறது. நம் பஞ்சாங்க ஆண்டு ஆங்கில ஆண்டைவிட இருபது நிமிடம் நீளம்; ஏறக்குறைய 71 ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். ராஜராஜ சோழன் காலத்தில் தை முதல் தேதி, இன்றைய காலண்டர் கணக்கில் டிசம்பர் முடிவில் வந்திருக்கும். ஆக, 2,000 ஆண்டுக்கு முன் ஒரே நாளில் பொங்கல் வைத்தார்கள் என்பதற்கு இந்தத் தேதி சாட்சி ஆகாது. இரண்டு பண்டிகைகளும் நம் காலத்தில் வந்து ஒரே தேதியில் தற்செயலாகச் சந்தித்திருக்கின்றன.

மொழியறிஞர்களும் பெரும்பாலோர் ஓனோவை ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவது கொரியாவிலும் உண்டு, மங்கோலியாவிலும் உண்டு, துருக்கியிலும் உண்டு. ஜப்பானிய வினையில் நான், நீ, அவன் என்ற வேறுபாடே கிடையாது. நம் வினைக்கு அதுவே உயிர். வயலில் நீர் கட்டி நெல் விளைவிக்கும் முறை கொரியத் தீபகற்பம் வழியாக வந்தது என்பதற்கு அகழாய்வுச் சான்று வலுவாக இருக்கிறது. சொல் ஒற்றுமை எவ்வளவு வழுக்கும் என்பதற்கு ஒரே உதாரணம்: ஜப்பானியத்தில் "கராய்" என்றால் காரமானது. உடனே "காரம்" என்று கைதட்டத் தோன்றும். ஆனால் நம் "காரம்" என்பதற்கு "க்ஷாரம்" என்ற வடசொல்லை மூலமாகக் காட்டுவாரும் உண்டு. அது முடிவாகாமல் கைதட்டுவது எப்படி?

வேடிக்கை என்னவென்றால், சந்தேகமில்லாத ஒரு தொடர்பு கண்ணெதிரே இருக்கிறது, அதை யாரும் மேடையில் பேசுவதில்லை. ஜப்பானியக் குழந்தை படிக்கும் எழுத்து வரிசை: அ இ உ எ ஒ, பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த "ஹ" முன்பு "ப"வாக இருந்தது என்று மேலே சொன்னேன். இப்போது நம் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ வரிசையைச் சொல்லிப் பாருங்கள். இது தமிழிலிருந்து போனதல்ல. பௌத்தத் துறவிகள் மந்திரங்களுக்காகப் படித்த வடமொழி எழுத்து முறையிலிருந்து அங்கே போனது. நமக்கும் அவர்களுக்கும் பொதுவான இந்திய வரிசை. 736இல் ஜப்பான் போய்ச் சேர்ந்த போதிசேனர் என்ற இந்தியத் துறவிதான், 752இல் நாரா நகரத்துப் பெரிய புத்தருக்குக் கண் திறந்தவர். அவரை மதுரைக்காரர் என்று சொல்வாரும் உண்டு. எனக்கும் ஆசைதான்; ஆசை ஆதாரமாகாது.

இனி இன்னொரு பேராசிரியர். நொபொரு கராஷிமா. 1933இல் பிறந்தவர். பெயரிலேயே காரம் இருக்கிறது. "கராஷிமா" என்று எழுதும் சீன எழுத்துகளுக்குக் காரத் தீவு என்று பொருள் கொள்ளலாம். 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து படித்தார்; கல்வெட்டு வாசிக்கக் கற்றார். தமிழர் எங்களுக்கு உறவு என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அதனாலோ என்னவோ, ஓனோ பெயர் தெரிந்த பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட இவர் பெயர் தெரிவதில்லை.

அவர் செய்த வேலை என்னைப் போன்றவர்களுக்கு உடனே புரியும். திருச்சிக்கு மேற்கே காவிரிக்கரையில் அல்லூர், ஈசானமங்கலம் என்று இரண்டு ஊர்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலத்தை யார் விற்றார், யார் வாங்கினார், யார் பெயரில் இருந்தது என்று வரிவரியாகப் பார்த்தார். பிரமதேயமான ஈசானமங்கலத்தில் நிலம் ஆளாளுக்குத் தனித்தனியாக இருந்தது. வேளாளர் ஊரான அல்லூரில் ஊரார் எல்லாருமாகச் சேர்ந்து வைத்திருந்தார்கள். நம் வருவாய்த் துறை மொழியில் ஒன்று தனிப் பட்டா, மற்றது கூட்டுப் பட்டா. 1966இல் இதை எழுதினார். பிறகு பிற்காலச் சோழர் கல்வெட்டுகளையும் பார்த்து, கூட்டு நிலம் போய்த் தனியார் உடைமை பெருகியதைக் காட்டினார். அரசன், போர், யானை என்றே வரலாறு படித்த நமக்கு, கால்காணி நிலம் கைமாறியதும் வரலாறுதான் என்று காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். பட்டா மாறுதல் மனுக்களோடு முப்பது வருஷத்துக்கு மேல் மாரடித்தவன் நான். ஒரு குடும்பத்தின் தலையெழுத்து அந்த ஒரு வரியில் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் திரட்டி அடைவு செய்தார். உடன் உழைத்தவர்கள் எ. சுப்பராயலுவும் தோரு மாட்சுயியும். உடையான், அரையன், மூவேந்தவேளான் என்ற பட்டங்கள் எந்தக் காலத்தில், எந்த வட்டாரத்தில், எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி, அதிகாரம் யார் கையில் இருந்தது என்று சொல்லும் முயற்சி. மூன்று தொகுதிகள். 1978இல் வெளியிட்டது மதுரை சர்வோதய இலக்கியப் பண்ணை. அப்போது நம் தேனியும் மதுரை மாவட்டம்தான். நம் மாவட்டத் தலைநகரிலிருந்து வந்த புத்தகம் என்று நான் சொந்தம் கொண்டாடுவதுண்டு.

ஆள் சிடுமூஞ்சி என்று எண்ண வேண்டாம். ஜப்பானியர் குழம்புச் சோற்றைக் "கரே" என்று உயிராய்ச் சாப்பிடுவார்கள். "ஒய்ஷின்போ" என்ற புகழ்பெற்ற சமையல் சித்திரக்கதையில், கறி என்றால் என்ன என்று விளக்கும் பேராசிரியராகக் கராஷிமாவே தன் பெயரில் வருகிறார்.

உலகத் தமிழாராய்ச்சி மன்றத்துக்கு 1989 முதல் அவர் தலைவர். 1995இல் தஞ்சாவூரில் எட்டாம் மாநாடு நடந்தது அவர் தலைமைக் காலத்தில்தான். 2009இல் தமிழக அரசு அடுத்த மாநாட்டைச் சில மாதங்களில் நடத்த விரும்பியது. ஆராய்ச்சிக் கட்டுரைகள் தயாராக இந்த அவகாசம் போதாது என்றார் கராஷிமா. அரசு 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு என்று தனியாக நடத்தியது. அவர் வரவில்லை, தலைவர் பொறுப்பையும் விட்டார். அப்போது அவரை மனத்தாங்கலோடு பேசியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலிடத்திலிருந்து "நாளைக்குள் அறிக்கை வேண்டும்" என்று வரும்போது, "முடியாது ஐயா, கணக்கு இன்னும் சரிபார்க்கவில்லை" என்று சொல்லத் துணிந்தவர்களை என் உத்தியோக காலத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தியா அவருக்கு 2013இல் பத்மஸ்ரீ அளித்தது. உடல்நலம் இல்லாததால் டெல்லிக்கு வர இயலவில்லை; பிரதமர் மன்மோகன் சிங் டோக்கியோ சென்றபோது நேரில் வழங்கினார். 2015 நவம்பரில் கராஷிமா காலமானார். ஓனோ 2008லேயே மறைந்துவிட்டார்.

நம் ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழ்-பிராமி எழுத்து, 2,000 ஆண்டுக்கு மேற்பட்டவை. ஒன்றில் கூடல் என்ற ஊரில் நடந்த ஆநிரைப் பூசலில் மடிந்த அந்தவன் என்பவன் பெயர் இருக்கிறது. அந்தக் கூடல் நம் கம்பம் கூடலூர்தான் என்று சொல்வாரும் உண்டு. ஓனோ பார்த்திருந்தால், அந்தச் சொற்களில் எது ஜப்பானியத்தோடு ஒட்டும் என்று தேடியிருப்பார் என்று நினைக்கிறேன். கராஷிமா பார்த்திருந்தால், அந்த மாடுகள் யாருடையவை என்று கேட்டிருப்பார்.