மன்னன் மணிகளும் மாண்ட மங்கையரும்

மண்ணைத் தோண்டினால் பொன் கிடைக்கும் என்பான் பேராசைக்காரன். உண்மை கிடைக்கும் என்பான் ஆராய்ச்சியாளன். ஏட்டிலே எழுதியவன் மன்னனுக்கு அஞ்சியிருக்கலாம், பரிசிலுக்கு ஏங்கியிருக்கலாம். மண்ணுக்கு அச்சமுமில்லை, ஆசையுமில்லை. புதைத்ததைப் புதைத்தபடியே காத்திருந்து, கேட்கும் காலம் வந்ததும் ஒளிக்காமல் எடுத்துத் தருகிறது. அப்படிக் கிடைத்ததை வரிசைப்படுத்தி மக்கள் முன் வைக்கும் கூடமே அருங்காட்சியகம். ஆண்டவன் பெயரால் எழுந்த கூடங்களிலே கண்மூடி நிற்கச் சொல்வர். இந்தக் கூடத்திலோ கண் திறந்து பார்க்கச் சொல்கின்றனர்.

அத்தகைய கூடம் ஒன்று சீன நாட்டின் நடுப்பகுதியில், யாங்சிப் பேராறு பாயும் வூகான் நகரில், கிழக்கு ஏரியின் அருகே நிற்கிறது. 1953ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட ஹூபெய் மாகாண அருங்காட்சியகம் அது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் புதிய பெருங்கூடமும் சேர்ந்து, இன்று விரிந்து பரந்து விளங்குகிறது. அதனுள்ளே நாமும் நுழைவோம், தோழர்களே! நுழையும்போது நம் பகுத்தறிவையும் உடன் அழைத்துச் செல்வோம்.

மேடை யாருக்கு?

முதலில் கட்டடத்தைக் காண்போம். உயர்ந்த மேடை; அதன்மேல் அகன்ற சுவர்கள்; அவற்றுக்கும் மேலே, சிறகு விரித்த பறவைபோல் நாற்புறமும் நீண்டு இறங்கும் கூரை. நடுவே ஒரு பெருங்கூடம், இருமருங்கிலும் துணைக் கூடங்கள் என அச்சுப் பிசகாத அமைப்பு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணை ஆண்ட சூ நாட்டாரின் கட்டடக் கலையைப் பின்பற்றி எழுந்தவை இவை.

சூ நாட்டு மன்னர்கள் மண்ணைக் குவித்து மேடையாக்கி, அதன்மேல் மாளிகை கட்டினர். எதற்காக? மன்னன் மேலே இருக்க வேண்டும், மக்கள் கீழே நிற்க வேண்டும் என்பதற்காக! அந்த மேடையின் வடிவம் மாறவில்லை, ஏறுவோர் மாறிவிட்டனர். உழவனின் மகனும் ஆலைத் தொழிலாளியின் மகளும் கட்டணமின்றி ஏறிச் சென்று, மன்னர் வைத்திருந்த பொருளை உற்று நோக்குகின்றனர். பழங்கலையைப் போற்றுவது வேறு, பழைய படிநிலையைப் போற்றுவது வேறு என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமோ?

உலோகம் பாடியது

1977ஆம் ஆண்டு, சூய்சௌ நகரையடுத்த லெய்குடுன் என்னுமிடத்தில், கட்டடப் பணிக்காகப் படைவீரர்கள் குன்றொன்றைச் சமன்படுத்தினர். அங்கே கல்லறையின் தடயம் தென்பட்டது. மறு ஆண்டு அகழ்ந்தனர். செந்நிறப் பாறையைக் குடைந்த பெருங்குழி; அதனுள் பெருமரங்களை அடுக்கிய நான்கு அறைகள்; அறைகளிலே நிறைந்த நீர். செங் என்னும் சிறு நாட்டை ஆண்ட கோமான் யி என்பவனின் கல்லறை அது. நீரை இறைத்தபோது வெளிப்பட்டவை வெண்கல மணிகள். மூன்று அடுக்குகளில், தொங்கவிட்ட நிலையிலேயே!

மொத்தம் 65 மணிகள். அவற்றுள் பெரியது 200 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. கீழ் அடுக்கின் நடுவே தனித்துத் தொங்கும் மணி, கி.மு. 433ஆம் ஆண்டில் சூ நாட்டு மன்னன் ஹுய் அளித்தது என்பதை அதன்மேல் பொறித்த எழுத்துகள் கூறுகின்றன. கல்லறையின் காலத்தை நமக்குக் காட்டியது அந்த மணியே.

இனி அவற்றின் நுட்பத்தைக் கேளுங்கள். வட்டமான மணியை அடித்தால் ஓசை நெடுநேரம் ரீங்கரிக்கும்; அடுத்த ஓசையோடு கலந்து குழம்பும். இம்மணிகளோ வட்டமல்ல, இரண்டு ஓடுகளைக் கவிழ்த்து இணைத்தாற்போல் தட்டையானவை. ஆதலால் ஓசை விரைந்து அடங்குகிறது. பண் தெளிவாக எழுகிறது. மேலும் ஒரு வியப்பு: ஒரே மணியின் நடுவில் தட்டினால் ஒரு சுரம், பக்கத்தில் தட்டினால் வேறொரு சுரம்! எந்த இடத்தில் எந்தச் சுரம் என்பதை மணியின்மீதே பொறித்து வைத்தனர். தங்கள் நாட்டில் இச்சுரத்தின் பெயர் இது, அண்டை நாடுகளில் அதன் பெயர் இது என்றும் எழுதி வைத்தனர். ஐந்து எண்மங்கள் வரை பரந்த இசைக் கருவி அது. 1978 ஆகஸ்டில் மீண்டும் இசைத்தபோது, ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் நீரில் கிடந்த உலோகம் சுருதி மாறாமல் பாடியது.

இதைச் செய்தது எந்தத் தெய்வம்? எந்த மந்திரம்? செம்பும் ஈயமும் எவ்வளவு கலக்க வேண்டும் எனக் கணக்கிட்ட மூளை. அச்சு செய்து வார்த்து, சுரம் கூடும்வரை உட்புறத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சரிபார்த்த கை. அந்தக் கைகளுக்குரியோரின் பெயர் எதிலுமில்லை. பொருள் தோறும் பொறிக்கப்பட்டிருப்பது கோமானின் பெயரே!

21 சவப்பெட்டிகள்

மணிகள் இருந்தது நடு அறை. மேற்கு அறையில் இருந்தவை 13 சவப்பெட்டிகள். கோமான் கிடந்த கிழக்கு அறையில் மேலும் எட்டு. இருபத்தொன்றிலும் பெண்கள், 13 முதல் 25 வரையிலான அகவையினர் என எலும்புகளை ஆய்ந்தோர் கூறுகின்றனர். மன்னனுக்கோ அகவை 45 அளவில். அவன் வளர்த்த நாய்க்கும் ஒரு பெட்டி இருந்தது. நாயோடு நாயாக மங்கையரும் துணைக்கு அனுப்பப்பட்டனர்!

ஏன்? இறந்தவன் மீண்டும் எழுவான், இசை கேட்பான், விருந்துண்பான், ஏவலுக்கு ஆள் தேடுவான் என்று நம்பினர். அவனுடைய வெளிச் சவப்பெட்டியில் திறப்பு ஒன்று விட்டனர். உட்பெட்டியில் கதவும் பலகணியும் தீட்டினர். அறைக்கு அறை செல்ல மரச்சுவரில் சிறு வாயில்களும் வைத்தனர். ஆவி உலா வருவதற்காம்! 2,400 ஆண்டுகள் சென்றன. அந்த வாயில் வழியாக வந்தது நீர் மட்டுமே. ஒருவனும் எழவில்லை, ஒரு மணியும் ஒலிக்கவில்லை. எழாதவனுக்காக, எழுந்து நடமாடிய இருபத்தொருவர் மாண்டனர். மடமை ஏழையின் குடிசையில் இருந்தால் அவனை மட்டும் கெடுக்கும். அரியணையில் அமர்ந்தால் ஊரையே பலி கேட்கும்.

“அது அக்காலத்து வழக்கம், இக்கால அளவுகோலால் அளக்கலாமா?” என்பர் சிலர். அக்காலத்து அளவுகோலாலேயே அளப்போம்! கல்லறையில் வைக்க மனித உருவப் பொம்மை செய்தவனையே கன்பூசியஸ் கடிந்து பேசினார் என மென்சியஸ் கூறுகிறார். கோமான் யி புதைக்கப்படுமுன்பே வாழ்ந்து மறைந்தவர் கன்பூசியஸ். கி.மு. 384இல் சின் நாட்டுக் கோமான் சியான், உடன்புதைக்கும் வழக்கத்தைத் தடை செய்தான். ஆகவே, கொடுமை எனச் சொல்லும் வாய் அன்றும் இருந்தது. கேட்கும் செவிதான் குறைவு.

தடை செய்ததோடு முடிந்ததா? இல்லை. அதே சின் மரபில் வந்த முதற் பேரரசன் கி.மு. 210இல் இறந்தபோது, மகப்பேறற்ற அவனுடைய மனைவியரை உடன் சாகச் செய்தான் அவன் மகன். மிங் பேரரசர் காலத்திலும் அவ்வழக்கம் தலைதூக்கியது. 1464ஆம் ஆண்டில்தான் பேரரசன் யிங்சோங் தன் இறுதி ஆணையால் அதனை நிறுத்தினான். முதல் தடைக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ 1,850 ஆண்டுகள்! சட்டம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று உறங்கும் சீர்திருத்தக்காரர் ஒவ்வொருவரும் மனத்திற்கொள்ள வேண்டிய கணக்கு இது. வேரை விட்டுக் கிளையை வெட்டினால் மரம் மீண்டும் தழைக்கும். உடன்புதைப்பு கிளை, ஆவி நம்பிக்கை வேர்.

வாளும் மடலும்

வேறொரு கண்ணாடிப் பேழையில், யூவே நாட்டு மன்னன் கௌஜியானின் வாள் இருக்கிறது. 1965இல் கிடைத்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் துருவேறாது மின்னுகிறது. இதையே ஒரு பூசாரி கண்டெடுத்திருந்தால் கோயில் எழுந்திருக்கும், உண்டியலும் வந்திருக்கும்! ஆய்வாளர் காரணம் தேடினர்: அரக்குப் பூசிய மர உறை வாளை இறுகப் பற்றியிருந்தது, நீர் நிறைந்த கல்லறையில் காற்று புகவில்லை. கௌஜியானின் பகைவன் பூச்சாயின் ஈட்டிமுனையும் இம்மாகாணத்திலேயே 1983இல் கிடைத்தது. உயிருள்ளவரை போரிட்ட இருவரின் படைக்கலமும் இன்று ஒரே கூரையின்கீழ்.

ஆயினும் நம் நெஞ்சைத் தொடுவது வாளன்று, இரண்டு மரப்பலகைகள். யுன்மெங் வட்டாரத்தின் சூய்ஹூதியில், 1975-76இல் அகழ்ந்த கல்லறை ஒன்றில் கிடைத்தவை. சின் படையில் சேர்ந்து போர்முனையில் நின்ற ஹெய்பு, ஜிங் என்னும் உடன்பிறந்தார் வீட்டுக்கு எழுதிய மடல்கள். என்ன எழுதினர்? வெற்றி முழக்கமா? மன்னன் புகழா? தாயின் நலம் கேட்கின்றனர். உடுக்கத் துணி இல்லை, பணம் அனுப்புக என்கின்றனர். ஊரில் துணி விலை மலிவாயின் ஆடை தைத்து அனுப்பலாம், இல்லையேல் பணமே போதும், இங்கே வாங்கிக்கொள்கிறோம் என்று கணக்கும் பார்க்கின்றனர். பேரரசு எழுந்தது என்று ஏடு பேசும் அந்நாளில், அதை எழுப்பிய போர்வீரனுக்கு மாற்றுத் துணியில்லை!

மணிகளின் கலையைப் போற்றுவோம். அவற்றை வார்த்த தொழிலாளியை வணங்குவோம். அதே மூச்சில் அந்த இருபத்தொரு பெட்டிகளையும் எண்ணுவோம். இரண்டையும் ஒருங்கே காட்டும் கூடமே வரலாற்றுக் கூடம். ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது அரண்மனைக் கொலுமண்டபம். எந்தப் பழம்பெருமையைக் கண்டாலும், “செய்தவன் யார்? செத்தவர் யார்?” என்னும் இரு கேள்விகளையும் கேட்டிடும் துணிவு பெறுக, இளைஞர்காள்!