குறைதீர் வகுப்புத் தேவையை அளவிடுதல் (அமெரிக்க ஐக்கிய நாடு)

உயர்நிலைப் பள்ளியை முடித்துக் கல்லூரியில் சேரும் அமெரிக்க மாணவர்களில் எத்தனை பேர் பள்ளி அளவிலான கணிதம், வாசிப்பு, எழுத்து ஆகியவற்றை மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கணக்கிடும் முயற்சி இது. இதற்கென நடத்தப்படும் குறைதீர் வகுப்புகளை அங்குள்ள கல்லூரிகள் இப்போது ‘வளர்ச்சிக் கல்வி’ என்று நாசூக்காகக் குறிப்பிடுகின்றன. இவற்றுக்குக் கட்டணம் கட்ட வேண்டும்; ஆனால் தேறினாலும் பெரும்பாலும் பட்டத்துக்கான கணக்கில் சேராது. சட்டமன்றங்களும் செய்தித்தாள்களும் இந்த விகிதத்தைப் பள்ளிகளின் தரத்துக்கு அளவுகோலாக எடுத்தாளுகின்றன. ஆனால் எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து 20 முதல் 68 விழுக்காடு வரை விடை மாறுகிறது.

சிக்கல் புதிதல்ல. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1849-லேயே ஆயத்தப் பிரிவு ஒன்றை வைத்திருந்தது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் பள்ளி முடித்த எல்லாருக்கும் 1970-இல் கதவைத் திறந்தபோது குறைதீர் வகுப்புகள் பெருகின. அதன் நான்காண்டுக் கல்லூரிகளில் அவற்றை நிறுத்துவதென 1999-இல் அறங்காவலர்கள் முடிவெடுத்தனர்.

எண்ணும் வழிகள்

கல்லூரியைக் கேட்கலாம், மாணவரைக் கேட்கலாம், மதிப்பெண் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். மூன்றையும் கல்விப் புள்ளியியல் தேசிய மையம் செய்து பார்த்திருக்கிறது.

2000-ஆம் ஆண்டு இலையுதிர் பருவத்தில் கல்லூரிகளிடம் கேட்டபோது, புதிதாகச் சேர்ந்தவர்களில் 28 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு குறைதீர் வகுப்பில் இருந்தனர். அரசு ஈராண்டுக் கல்லூரிகளில், அதாவது சமுதாயக் கல்லூரிகளில், இது 42 விழுக்காடு. அரசு நான்காண்டுக் கல்லூரிகளில் 20. முதலாண்டு மாணவர்களையே 2007–08-இல் கேட்டபோது, படித்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 20 விழுக்காட்டினர். 2003–04-இல் சேர்ந்தவர்களை ஆறாண்டுகள் தொடர்ந்து, அவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்தபோதோ, அரசு ஈராண்டுக் கல்லூரிகளில் தொடங்கியவர்களில் 68 விழுக்காட்டினரும் அரசு நான்காண்டுக் கல்லூரிகளில் தொடங்கியவர்களில் 40 விழுக்காட்டினரும் குறைந்தது ஒரு குறைதீர் பாடமாவது எடுத்திருந்தனர்.

இவற்றில் எதுவும் பொய்க்கணக்கு இல்லை. முதல் கணக்கு ஒரே ஒரு பருவத்தைப் பார்த்தது. மூன்றாவது ஆறாண்டுகளைப் பார்த்ததால், கணிதத்தைத் தள்ளிப்போட்டு இரண்டாம் ஆண்டில் எடுத்தவரும் அதில் அகப்பட்டார். நடுவிலுள்ளது நினைவை நம்பியது. கால அட்டவணையில் அந்த வகுப்பும் மற்றப் பாடங்களைப் போல ஓர் எண்ணோடுதான் இருக்கும். தான் படித்தது குறைதீர் வகுப்பு என்பதையே அறியாத மாணவர் ‘இல்லை’ என்றுதான் குறிப்பார். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பதிவேட்டைத்தான் நம்பலாம். ஆனால் அதற்குப் பணமும் காலமும் மிகுதியாக வேண்டும்.

பதிவேட்டிலும் ஓர் ஓட்டை உண்டு. குறைதீர் வகுப்புக்கு அனுப்பப்பட்டவர் அதில் சேர்ந்தாக வேண்டுமென்பதில்லை. கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் பெய்லியும் அவருடைய குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அவர்கள் பார்த்த சமுதாயக் கல்லூரிகளில் 59 விழுக்காட்டினர் கணிதத்துக்கும் 33 விழுக்காட்டினர் வாசிப்புக்கும் பரிந்துரைக்கப்பட்டனர். பரிந்துரை பெற்றவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் எந்தக் குறைதீர் வகுப்பிலும் கால் வைக்கவில்லை. அடுக்கடுக்கான கணிதப் பாடங்களை முடித்துக் கரையேறியவர்கள் மூன்றில் ஒரு பங்கினர். வகுப்பில் அமர்ந்தவர்களை மட்டும் எண்ணினால், முதல் நாளே மனம் தளர்ந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள்.

கட்-ஆஃப்

‘தேவை’ என்பதை முடிவுசெய்வது பிளேஸ்மென்ட் டெஸ்ட் எனப்படும் நிலையறி தேர்வு. கல்லூரி வாரியத்தின் அக்யூபிளேசரும் ஏசிடி நிறுவனத்தின் காம்பஸும் நெடுங்காலம் கோலோச்சின. 2011-இல் நடந்த நாடளாவிய கணிப்பின்படி 71 விழுக்காடு கல்லூரிகள் கணிதத்துக்கும் 53 விழுக்காடு கல்லூரிகள் வாசிப்புக்கும் ஏதேனும் ஒரு தேர்வைப் பயன்படுத்தின. தேறுவதற்கான கட்-ஆஃப் மதிப்பெண் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபட்டது. ஒரே மாணவி ஓர் ஊரில் ‘தயார்’, பக்கத்து ஊரில் ‘தயாரில்லை’ என்றாகலாம்.

அந்தத் தேர்வுகள் சரியாகத்தான் பிரித்தனவா? ஜூடித் ஸ்காட்-கிளேட்டனும் உடன் ஆய்வாளர்களும் கணிதத்தில் தேர்வெழுதியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரும் ஆங்கிலத்தில் மூவரில் ஒருவரும் கடுமையாகத் தவறான இடத்தில் வைக்கப்பட்டதாகக் கணித்தனர். கல்லூரிப் பாடத்தில் நன்றாகத் தேறியிருக்கக்கூடியவர்கள் கீழே தள்ளப்பட்டதே பெரும்பான்மை. பள்ளி மதிப்பெண் சராசரியையும் சேர்த்துப் பார்த்தால் பிழை குறையும் என்றனர். காம்பஸை ஏசிடி 2016-இல் கைவிட்டது. அதுவரை வெளிவந்த விகிதங்களில் எவ்வளவு மாணவரின் குறை, எவ்வளவு தேர்வின் குறை என்று இனிப் பிரித்தெடுக்க முடியாது.

வகுக்கும் எண்

மாநிலங்கள் பள்ளிவாரியாக அறிக்கை வெளியிடும்போது வழக்கமாக அந்த மாநில அரசுக் கல்லூரிகளில் உடனடியாகச் சேர்ந்தவர்களை மட்டுமே எண்ணுகின்றன. தனியார் கல்லூரிக்கோ வெளிமாநிலத்துக்கோ போனவர்களும், கல்லூரிப் பக்கமே போகாதவர்களும் விடுபடுகிறார்கள். நன்றாகப் படிப்பவர்கள் பலரை வெளிமாநிலத்துக்கு அனுப்பும் பள்ளியின் விகிதம் அதனாலேயே மோசமாகத் தெரியலாம். கல்லூரிகள் தரும் எண்ணிக்கையிலோ, பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேலைபார்த்துவிட்டுப் படிக்க வருபவரும் கலந்திருப்பார். அவர் இயற்கணிதத்தை மறந்ததற்கு இன்றைய பள்ளியைக் கேட்க முடியாது.

வகுப்பை எடுத்துவிட்டால்

2010-களில் மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் குறைதீர் வகுப்புகளையே சுருக்கத் தொடங்கின. ஃபுளோரிடா 2013-இல் இயற்றிய சட்டம், 2003–04-இலோ அதன் பின்னரோ அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து பட்டயம் பெற்றவர்களுக்கு நிலையறி தேர்வு கட்டாயமில்லை என்றது. டென்னசி, கல்லூரிப் பாடத்திலேயே சேர்த்துக்கொண்டு பக்கத்தில் துணை வகுப்பு நடத்தும் முறைக்கு 2015-இல் மாறியது. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2017-இல் தன் கணித, ஆங்கில நிலையறி தேர்வுகளை நிறுத்தியது. அதே ஆண்டு அம்மாநிலம் நிறைவேற்றிய ஏபி 705 சட்டம், சமுதாயக் கல்லூரிகள் பள்ளி மதிப்பெண்ணைக் கொண்டே மாணவரை வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றது.

இதன் பின் குறைதீர் விகிதம் விழுந்ததில் வியப்பில்லை. மாணவர் மாறாமலே எண் மாறியது. 2010-க்கு முந்தைய விகிதத்தையும் இன்றைய விகிதத்தையும் ஒரே வரைபடத்தில் கோடிழுத்துக் காட்டுபவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது, கவனக்குறைவு என்று மட்டும் கொள்ளத்தக்கதல்ல.

நிலையறி தேர்வை விடாத இடங்களில் எதிர்த்திசைச் செய்தியும் வந்திருக்கிறது. சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், கணிதத் திறன் உயர்நிலைப் பள்ளி அளவுக்குக் கீழே இருந்த புதுமுக மாணவர்களின் எண்ணிக்கை 2020 முதல் 2025-க்குள் ஏறத்தாழ முப்பது மடங்காகப் பெருகியதென்று அதன் உட்குழு 2025 நவம்பரில் தெரிவித்தது. அதாவது சேர்ந்தவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவர். பெருந்தொற்றுக் காலம், எஸ்ஏடி எனப்படும் பொது நுழைவுத் தேர்வைச் சேர்க்கையில் கைவிட்டது, பள்ளிகளில் மதிப்பெண் தாராளமாகிப் போனது ஆகியவற்றை அறிக்கை காரணங்களாகக் காட்டியது. அந்த மாணவர்களில் பலருடைய பள்ளிக் கணித மதிப்பெண் உயர்வாகவே இருந்தது. ஏபி 705 நம்பியிருப்பது இதே பள்ளி மதிப்பெண்ணைத்தான்.